இசை மேடையும் நம் மக்களும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கீற்றுக் கொட்டகையில், ஓர் அரிக்கேன் விளக்கொளியில், மாலைநேரப் படிப்பகமாகத் தோன்றியது நம் கழகம். இன்று இப்பந்தலின் முன்வரிசையில் ஆசிரியர்கள் அமர்ந்திருக்கின்றனர், செவிலியர்கள் அமர்ந்திருக்கின்றனர், பொறியாளரும் காவல்துறையினரும் வங்கிப் பணியாளரும் அமர்ந்திருக்கின்றனர். கூலி வேலையின் நடுவே கையெழுத்துக் கற்ற தாய்மாரும் அமர்ந்திருக்கின்றனர். இக்காட்சியைக் காண்பதற்கு யாம் பெரும்பேறு பெற்றோம்.

'கல்வியும் முன்னேற்றமும்' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். அத்தலைப்பில் எம்மினும் நன்கு பேசுவோர் இம்மேடையில் உளர். ஆகவே, நம் கழகத்தின் உதவித்தொகைப் பட்டியலில் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் இடம்பெறாத ஒரு கல்வியைப் பற்றி ஈண்டு பேச விழைகின்றோம். அது இசைக் கல்வி.

சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. "சோற்றுக்கு வழி பார்க்கும்போது பாட்டு எதற்கு?" என்பது உங்கள் மனத்தில் எழும் வினா. அதே வினாவை யாமும் ஒரு காலத்தில் எழுப்பினோம். அதனால் நேர்ந்த தவற்றையும் இவ்வுரையின் முடிவுக்குள் ஒளிவின்றிச் சொல்வோம்.

நம் மண்ணில் இசை

நம் மாவட்டங்கள் இரண்டும் வறண்ட மானாவாரிப் பூமி. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். அரியலூர்ப் பக்கம் முந்திரியும் சுண்ணாம்புக்கல்லும். இம்மண்ணில் இசை விளைந்ததா என்று ஐயுற வேண்டா. உடையார்பாளையம் சமஸ்தானத்தில் கனம் கிருஷ்ணையர் என்னும் பெரும் வித்துவான் 19ஆம் நூற்றாண்டில் விளங்கினார். 'கனம்' என்பது பெருமூச்சும் பேருழைப்பும் வேண்டும் பாடும் முறை. மிகச் சிலரே அதில் தேர்ந்தனர். அவர் வரலாற்றை எழுதியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அரியலூரிலும் குன்னத்திலும் தம் இளமையைக் கழித்தவர் அவர். அந்நாளில் இவ்வூர்களில் புலவரும் பாடகரும் எவ்வாறு ஆதரிக்கப்பட்டனர் என்பதை அவருடைய 'என் சரித்திரம்' விரிவாகக் கூறுகின்றது.

அந்த அவைகளில் நம் பாட்டனார் எங்கே இருந்தனர்? அவைக்கு வெளியே இருந்தனர். ஆனால், இசைக்கு வெளியே அவர்கள் இருந்ததில்லை. இந்த வேறுபாட்டை இளைஞர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

கொள்ளிடக் கரையில் ஆதனூரில் வாழ்ந்த நந்தனாரைப் பற்றிப் பெரியபுராணம் சொல்வதைப் படியுங்கள். கோயில்களில் முழங்கும் பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும் தந்தவர் அவர். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு தந்தவரும் அவரே. தந்துவிட்டு வாயிலுக்கு வெளியே நின்று ஆடினார், பாடினார். எண்ணிப் பாருங்கள்! உள்ளே எழுந்த ஒலி முழுவதும் வெளியே நின்றவரின் கைப்பொருள்.

இது பழங்கதை மட்டுமன்று. பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். மிருதங்கம் செய்யும் கைவினைஞரைப் பற்றிய ஆய்வு நூல் அது. பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, பலாமரக் கட்டையில் இழுத்துக் கட்டி, சுருதி கூட்டித் தரும் அந்தக் கைவினைஞர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களுள்ளும் கிறித்தவக் குடும்பத்தினர் பலர். வாசிப்பவரின் பெயர் அழைப்பிதழில் அச்சாகின்றது. நாதம் கூட்டித் தந்தவரின் பெயரை அரங்கம் அறியாது. கருவி நம்முடையது, மேடை பிறருடையது என்னும் நிலை இன்றும் முற்றாக மாறிவிடவில்லை.

நந்தனாரும் நெருப்பும்

கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடினார். பண்ணையாளான ஒருவரைத் தலைவராக்கி இசை உலகமே பாடும்படிச் செய்த படைப்பு அது. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் பாடினர். அப்பாடல்களின் இனிமையை யாம் மறுக்கவில்லை. ஆயினும், எம் உள்ளத்தில் நெடுநாளாக ஒரு முள் உண்டு. நந்தனார் நெருப்பில் மூழ்கி, வேறொரு வடிவம் கொண்டு எழுந்த பின்னரே உள்ளே செல்ல முடிந்தது என்று கதை முடிகின்றது. உள்ளே செல்வதற்கு நம்மை நாமே எரித்துக்கொள்ள வேண்டுமா? நம் குரலையும் நம் பாட்டையும் பிறப்பையும் வாயிலில் விட்டுவிட்டுத்தான் செவ்விசை அரங்கில் நுழைய வேண்டுமா?

இவ்வினாவிற்கு விடை தேடிய போது, கடல் கடந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கை எமக்குக் கிடைத்தது. அதை உங்களுக்குச் சொல்லவே இன்று வந்தோம்.

மரியன் ஆண்டர்சன்

மேனாட்டார் 'ஆப்பரா' என்னும் கலையை மிக உயர்ந்ததாகப் போற்றுகின்றனர். நம் இசை நாடகத்தைப் போன்றது அது. கதைமாந்தர் பேசுவதும் அழுவதும் சினப்பதும் பாட்டாகவே நிகழும். 1600ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் தோன்றிற்று. அதைப் பாடுவோர் ஒலிபெருக்கியை நாடுவதில்லை. அறுபது எழுபது கருவிகள் சேர்ந்து முழங்கினும், கடைசி வரிசையில் இருப்பவர் செவியிலும் சொல் தெளிவாக விழ வேண்டும். அதற்கு மூச்சை அடிவயிற்றிலிருந்து ஆளும் பயிற்சி பல்லாண்டு வேண்டும். இது நமக்குப் புதிதன்று. மின்சாரம் வராத காலத்தில், அறுவடை முடிந்த வயலில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஊர் முழுதும் கேட்கக் கூத்துப் பாடிய பெரியவர்களை யாம் கண்டிருக்கின்றோம். குரல் வளத்தில் நாம் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். குறைந்தது பயிற்சி, அதனினும் குறைந்தது வாயில்.

மரியன் ஆண்டர்சன் 1897ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்றவர். மகளின் இளம் வயதிலேயே மறைந்தார். தாயார் பிறர் வீட்டுத் துணி துவைத்துக் குடும்பத்தைக் காத்தார். மாதா கோயிலின் பாடற்குழுவில் ஆறு வயதிலேயே பாடத் தொடங்கிய அக்குழந்தையின் குரலைக் கேட்டு ஊர் வியந்தது. இசைப்பள்ளி ஒன்றில் சேரச் சென்றார். நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினர்.

அதன்பின் நடந்ததுதான் நம் கழகத்தார் கருத வேண்டியது. அவருடைய சபையைச் சேர்ந்த எளிய மக்கள் காசு காசாகத் திரட்டினர். சமையற்காரரும் சலவைத் தொழிலாளரும் கொடுத்த காசு அது. அக்காசில் அவர் பள்ளிக் கல்வியும் குரல் பயிற்சியும் பெற்றார்.

வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1924இல் நியூயார்க்கில் அவர் நடத்திய கச்சேரி தோல்வி கண்டது. கூட்டம் குறைவு, ஜெர்மன் மொழிப் பாடல்களில் உச்சரிப்புப் போதாது என்று பத்திரிகைகள் எழுதின. அவர் மனமுடைந்து பாடுவதையே விட்டுவிட நினைத்தார். ஆயினும் விட்டாரில்லை. 1925இல் ஒரு பெரும் போட்டியில் முந்நூறு பேரில் முதல்வராகத் தேறி, நியூயார்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுடன் பாடினார். பின்னர் ரோசன்வால்டு நிதியத்தின் உதவித்தொகை பெற்று ஜெர்மனிக்குச் சென்று, எந்த மொழியில் குறை கண்டார்களோ அந்த மொழியையே முறையாகக் கற்றார். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் சென்றதை இவ்விடத்தில் நினைந்து பாருங்கள். அறிவு பிறவியில் இருக்கலாம். கப்பற் கட்டணம் பிறர் கையில் இருந்தது. உரிய நேரத்தில் கிடைத்த ஓர் உதவித்தொகை ஒரு வரலாற்றையே திருப்பியது.

ஐரோப்பா அவரைப் போற்றியது. தாயகமோ தயங்கியது. 1939இல் தலைநகர் வாஷிங்டனில் கான்ஸ்டிட்யூஷன் ஹால் என்னும் அரங்கில் அவர் பாட ஏற்பாடு நடந்தது. அரங்கிற்கு உரிய மகளிர் சங்கம் கறுப்பினத்தவர்க்கு மேடை தர மறுத்தது. அச்சங்கத்தின் உறுப்பினராயிருந்த குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அதிலிருந்து விலகினார். 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. அடிமைத் தளையை அறுத்த லிங்கனின் நினைவு மண்டபப் படிகளில், திறந்த வெளியில், கடுங்குளிரில் நின்று மரியன் பாடினார். எழுபத்தையாயிரம் மக்கள் திரண்டனர். வானொலியில் மேலும் பல இலட்சம் பேர் கேட்டனர்.

அன்று அவர் எதைப் பாடினார்? இங்கேதான் நம் வினாவிற்கு விடை உள்ளது. தொடக்கத்தில் நாட்டுப்பற்றுப் பாடல்; அடுத்து இத்தாலிய மேதை டோனிசெட்டியின் ஆப்பராப் பாடல்; அதன்பின் ஷூபர்ட்டின் அன்னை மரியா பாடல். இவற்றைப் பாடியபின், பருத்திக் காட்டில் தம் முன்னோர் அடிமைகளாய் உழன்றபோது பாடிய பக்திப் பாடல்களைப் பாடினார். பெரும் மேதைகளின் இசைக்குப் பக்கத்திலேயே அடிமைகளின் பாட்டையும், அதே நிமிர்வோடு, அதே மேடையில் வைத்தார். அன்று மட்டுமன்று; தம் கச்சேரிகளில் வாழ்நாள் முழுதும் அவ்வழக்கத்தைக் கைவிட்டாரில்லை. அவர் நெருப்பில் மூழ்கவில்லை. தம் பாட்டையும் கையிற்பிடித்துக்கொண்டே உள்ளே சென்றார்.

எனினும், ஒரு துயரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கம் தோன்றியது 1883இல். கறுப்பினப் பாடகர் ஒருவர்க்கு அது முதன்முதலாகத் தனிப் பாத்திரம் தந்தது 1955 ஜனவரி 7இல். வெர்டியின் இசை நாடகத்தில் உல்ரிகா என்னும் குறிசொல்லும் பெண்ணாக மரியன் தோன்றினார். அவர் பாட வாய் திறக்கும் முன்னரே கையொலி எழுந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு! பாடகியின் குரல் முப்பதிலும் நாற்பதிலும் முழுமை பெறும். ஐம்பதுக்கு மேல் அதன் பொலிவு குறையும். கதவு திறந்தது, ஆனால் குரலின் பொற்காலம் கடந்த பின்னர்த் திறந்தது. நீதி தாமதமானால் நிலத்தைப் பிறகாவது மீட்கலாம். ஊதியத்தை நிலுவையோடு பெறலாம். போன குரலை எந்த அரசாணை மீட்டுத் தரும்?

ஏணியை இழுக்காதவர்

மரியன் ஏறிய ஏணியை மேலே இழுத்துக்கொள்ளவில்லை. 1941இல் தமக்குக் கிடைத்த பத்தாயிரம் டாலர் பரிசைக் கொண்டு இளம் பாடகர்க்கு உதவித்தொகை நிறுவினார். 1957இல் ஆசிய நாடுகளில் பயணம் செய்து நம் இந்தியாவிலும் பாடினார்.

1936இல் மிசிசிப்பி மாநிலத்தில் அவருடைய கச்சேரியை ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகள், தாயார் மருத்துவச்சி. அச்சிறுமியே லியொண்டின் பிரைஸ். மற்றொரு பெரும் பாடகரான பால் ராப்சன் அவருடைய படிப்பிற்காகப் பாடி நிதி திரட்டித் தந்தார். 1961 ஜனவரி 27இல், மரியனுக்குத் திறந்த அதே அரங்கில், முப்பத்து மூன்றாம் வயதில் பிரைஸ் தலைவியாகப் பாடினார். நாற்பது நிமிடத்திற்கு மேல் கையொலி ஓயவில்லை என்று எழுதியுள்ளனர். ஒருவர் ஐம்பத்தேழு வயதில் திறந்த கதவின் வழியே அடுத்தவர் முப்பத்து மூன்றில் நுழைந்தார். முன்னோடி என்பதன் பொருள் இதுவே.

இன்றைய நாளின் சான்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சிற்றூர் ஒன்றில் பிறந்த பிரெட்டி யெண்டே, பதினாறு வயதில் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில் ஒரு பாட்டைக் கேட்டார். மறுநாள் பள்ளிக்குச் சென்று, "அது என்ன பாட்டு?" என்று ஆசிரியரிடம் கேட்டார். "அது ஆப்பரா" என்று ஆசிரியர் விடை சொன்னார். "அதை நானும் பாட முடியுமா?" என்று அப்பெண் கேட்டார். 2023 மே 6இல் இங்கிலாந்து மன்னரின் முடிசூட்டு விழாவில் அவர் பாடினார். எம் போன்ற ஆசிரியர்கள் இச்செய்தியை இருமுறை படிக்க வேண்டும். எல்லாம் தொடங்கியது ஒரு மாணவியின் கேள்விக்கு ஆசிரியர் சொன்ன ஒரு சொல்லில்.

இன்னும் முடியாத பணியும் உண்டு. கறுப்பினத்தவர் ஒருவர் இயற்றிய ஆப்பராவை அந்த நியூயார்க் அரங்கம் முதன்முதலாக மேடையேற்றியது 2021ஆம் ஆண்டில்தான். பாடுவோர்க்குக் கதவு திறக்க எழுபத்திரண்டு ஆண்டு. படைப்போர்க்குத் திறக்க நூற்று முப்பத்தெட்டு ஆண்டு!

நம் வழி

"அது அமெரிக்கா, நமக்கு எட்டுமா?" என்பீர்கள். இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தார். தமிழில் காப்பியமும் அகராதியும் இலக்கணமும் செய்தார். ஓர் இத்தாலியர் நம் யாப்பை வசப்படுத்த முடியுமானால், ஏலாக்குறிச்சிப் பிள்ளை ஒன்று இத்தாலிய இசையை வசப்படுத்த முடியாதா? கலை எந்தக் குலத்தின் பட்டா நிலமும் அன்று.

பண்ணைபுரத்தில் பிறந்த இளையராஜா, அண்ணனாரின் குழுவில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். 1968இல் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையை முறையாகக் கற்றவர். 2025 மார்ச் 8இல் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு அவருடைய சிம்பொனியை அரங்கேற்றியது. அதே ஆண்டு ஜூலை 27இல், ஆடித் திருவாதிரை விழாவில், நம் கங்கைகொண்ட சோழபுரத்தில் அவருடைய திருவாசக இசை ஒலித்தது. அவர் தம்மை எவ்வட்டத்துள்ளும் அடைத்துக்கொள்ள விரும்பாதவர். நாமும் அடைக்க வேண்டா. அவர் கற்ற முறையை மட்டும் பார்ப்போம். நாட்டுப்புறப் பாட்டை விட்டாரில்லை. மேனாட்டு இலக்கணத்தை அஞ்சினாரில்லை.

இனிப் பறையைப் பற்றி ஒரு சொல். எம் தந்தையார் சாவு வீடுகளில் பறையடித்தவர். எம் இளமையில் அதை எண்ணி நாணினோம். கட்டாயத்திற்காக, கலயச் சோற்றிற்காக அடித்த பறையை நம் இளைஞர்கள் தூக்கி எறிந்தது மிகவும் சரி. அஃது உரிமைப் போர். ஆனால் எறிந்தது அடிமைத்தொழிலையே அன்றித் தாளத்தை அன்று. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விரும்பிக் கற்பவன் கையில் பறை கலை; கட்டாயப்படுத்தப்பட்டவன் தோளில் அது சுமை. மரியன் அடிமைப் பாட்டைப் பாடினார், அடிமையாகப் பாடவில்லை. இந்த நுட்பத்தை இளைஞர்கள் உணர்வீர்களாக.

எம் தவறு

தொடக்கத்தில் சொன்ன தவற்றிற்கு வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி படித்தாள். காலை வழிபாட்டில் அவள் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினால் தெருவில் போவோர் நிற்பர். ஒப்பாரி பாடும் பாட்டியிடம் பெற்ற குரல். இசைப்பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்க அவள் தாயார் ஒருநாள் நடவு வேலையை விட்டு வந்தார். "பாட்டுச் சோறு போடாதம்மா, கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று அறிவுரை கூறி அனுப்பினோம். நல்லதைச் சொன்னோம் என்றே நம்பினோம். பத்தாம் வகுப்புடன் அவள் படிப்பு நின்றது. பனியன் ஆலைக்குச் சென்றாள்.

சென்ற ஆண்டு பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் குழந்தையோடு நின்ற அவளைக் கண்டோம். "இன்னும் பாடுகிறாயா அம்மா?" என்று கேட்டோம். அவள் சிரித்தாள். "நீங்கதான ஐயா அன்னிக்கு வேணாம்னு சொன்னீங்க" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே எமக்கு அது தாங்க முடியாததாயிற்று. அரங்கத்தின் கதவை மூடியவர்களைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். அந்தக் கதவை அவள் காணும் முன்னரே சாத்தியவர்கள் யாம்.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, அடுத்த ஆண்டு முதல் கழகத்தின் உதவித்தொகைகளில் ஒன்றேனும் இசை பயில்வோர்க்கு ஒதுக்கப்பட வேண்டும். ஓராண்டு உதவி போதாது. குரல் பழுக்கப் பத்தாண்டு வேண்டும். எம் ஓய்வூதியத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு மாதத் தொகையை இதற்குத் தர யாம் உறுதி கூறுகின்றோம்.

இரண்டாவது, வாயில்களை அறிந்துகொள்ளுங்கள். பெரம்பலூரிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. பன்னிரண்டு முதல் இருபத்தைந்து வயதினர்க்கு மூன்றாண்டுப் பயிற்சி. கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி. மேனாட்டுக் குரலிசை கற்க விரும்புவோர்க்குச் சென்னையில் 2008இல் தோன்றிய கே.எம். இசைக் கல்லூரி உண்டு. நம் மாதா கோயில்களின் பாடற்குழுக்களும் நல்ல தொடக்கமே.

மூன்றாவது, இளைஞர்களுக்கு. இசைத்துறை எளிதன்று. பயின்றோர் பலரில் பெயர் பெறுவோர் சிலரே. ஆகவே பட்டப்படிப்பைக் கைவிடாதீர்கள்; இசையையும் கைவிடாதீர்கள். பிறமொழியைக் குறையறக் கற்றுக்கொள்ளுங்கள். குறை கூறப்பட்டால் மரியனைப் போல அக்குறையையே பாடமாக்கிக் கொள்ளுங்கள். மேடை கிடைத்த நாளில் உங்கள் பாட்டியின் பாட்டு ஒன்றையும் அதில் பாடுங்கள்.

அந்த மாணவியின் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கின்றாள். அவளும் பாடுவாள் என்று தாய் சொன்னாள். அக்குழந்தை ஒருநாள் தன் ஆசிரியரிடம் வந்து கேட்கும்போது, அவர் எம்மைப் போல் விடை சொல்லாதிருக்க வேண்டும். அதற்கு இக்கழகம் துணை நிற்குமாக.